மெதடோனிலிருந்து சபொக்சோனுக்கு மாறுவது எப்படி: ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெதடோனும் சபொக்சோனும் ஒக்சிகொடோன், ஹெரோயின் போன்றவற்றை விட முடியாமல் போனவர்களுக்கு வைத்தியர் கொடுக்கும் மருந்துகள். மெதடோன் குடித்துக்கொண்டிருந்த நான் சபொக்சோன் குளிசைக்கு மாற இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை எங்கள் வீட்டுக் குசினி நிலத்தில் விழுந்து கிடந்தேன். இரண்டாம் தடவை இரண்டே நாள் லீவோடு மாறி முடித்தேன். உடம்பும் மருந்தும் அதேதான். ஆயத்தம்தான் வேறாக இருந்தது.

ஸ்காபரோவில் இத்தனை தமிழ் ஆட்கள் இருந்தும் இதைப் பற்றித் தமிழில் கேட்க எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. வெயர்ஹவுஸ் வேலையில் நாரி அடிபட்டு, நோவுக்கு ஒக்சிகொடோன் எடுக்கத் தொடங்கி, பிறகு அதை விட முடியாமல் போன ஆட்களை எனக்கே தெரியும். அவர்களில் பலர் இப்போது மெதடோனில் இருக்கிறார்கள். இது அவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் எழுதுவது.

நான் வைத்தியர் இல்லை. எத்தனை மில்லிகிராம், எந்த நாள் என்பதை உங்களைப் பார்க்கும் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். இங்கே வரும் எண்களைப் பார்த்து வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். அவரிடம் என்ன கேட்பது, எதைக் கையில் கொண்டு போவது, எங்கே சறுக்கும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

1. மாறத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

மெதடோன் உங்களுக்குச் சரியாக வேலை செய்கிறதென்றால் அதை மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மாறுவதற்கான நியாயமான காரணங்கள் சில உண்டு. இசிஜியில் கியூடி இடைவெளி என்ற இதயத்துடிப்பு அளவு நீண்டு போயிருக்கலாம். பகல் முழுக்கத் தூங்கி விழலாம். வேறு வருத்தத்துக்கு எடுக்கும் மருந்து மெதடோனோடு ஒத்துவராமல் இருக்கலாம். தினமும் பாமசிக்குப் போய் நின்று குடிப்பது வேலை நேரத்தோடு இடிக்கலாம். எனக்குக் கடைசிக் காரணம்தான். காலை ஆறு மணி ஷிஃப்ட், பாமசி திறப்பதோ ஒன்பதுக்கு.

இரண்டு இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் மருந்தைத் தாங்களாக மாற்றக்கூடாது. மெதடோன் அளவு மிகக் கூடுதலாக, 100 மில்லிகிராமுக்கு மேல் இருப்பவர்களில் சிலருக்குச் சபொக்சோன் போதாமல் போகும். அதில் இருக்கும் பியூப்ரினோர்ஃபினுக்கு ஒரு உச்சம் உண்டு. அதற்கு மேல் அளவைக் கூட்டினாலும் வேலை கூடாது. அதனால்தான் அளவு மிஞ்சி மூச்சு நிற்கும் ஆபத்தும் மெதடோனைவிட அதில் குறைவு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. "இதுவும் போதைதானே, மாறுகிற கையோடு எல்லாத்தையும் விடு" என்று சொல்லிவிடாதீர்கள். மருந்தை நிறுத்திய ஆளின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அந்த நிலையில் ஒரு தடவை வெளியில் வாங்கி எடுத்தாலே, இப்போது தெருவில் இருக்கும் ஃபெண்டனில் என்ற கடும் போதைப்பொருள் ஆளைக் கொன்றுவிடும். இங்கே நடப்பது ஒரு மருந்திலிருந்து இன்னொரு மருந்துக்குக் கை மாறுவது மட்டும்தான்.

2. இடைவெளி ஏன் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

இது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மூளையில் இந்த மருந்துகள் போய் ஒட்டும் இடங்கள் உண்டு. மெதடோன் அங்கே ஒட்டி முழு வேலை செய்யும். பியூப்ரினோர்ஃபின் அதைவிட இறுக்கமாக ஒட்டும், ஆனால் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். மெதடோன் நிறைய ஒட்டியிருக்கும் நேரத்தில் முழு அளவுக் குளிசையை வைத்தால், அது மெதடோனைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். நாட்கணக்கில் மெல்ல வரவேண்டிய வித்ட்ரோவல், அதாவது மருந்து இல்லாமல் உடம்பு படும் பாடு, முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் வந்து இறங்கும்.

மெதடோன் உடம்பை விட்டுப் போக நாட்கள் எடுக்கும். ஒக்சிகொடோன் போன்றவற்றுக்கு 12 முதல் 24 மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் போதும் என்றால், மெதடோனுக்கு 24 முதல் 72 மணி நேரம் வரை கேட்பார்கள். ஃபெண்டனில் எடுத்திருந்தால் கணக்கு இன்னும் சிக்கல், ஏனென்றால் அது கொழுப்பில் தேங்கி நின்று மெல்ல மெல்லத்தான் வெளியேறும்.

நான் விட்ட பிழை இங்கேதான். கடைசி மெதடோனை வெள்ளி காலை குடித்துவிட்டுத் திங்கள் காலை வரை காத்திருக்கச் சொன்னார்கள். சனி இரவு தாங்க முடியாமல், அலுமாரிக்குள் உடுப்புக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பழைய போத்தல் ஒன்றைக் குடித்தேன். திங்கள் கிளினிக்கில் கேட்டபோது "வெள்ளிதான் கடைசி" என்றேன். முகம் கொடுக்க வெட்கம். வீட்டுக்கு வந்து குளிசையை நாக்கின் கீழ் வைத்து நாற்பது நிமிடம் ஆகவில்லை. வேர்வை மூக்கு நுனியால் சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகிறது, அதே நேரம் குளிரில் பல் அடிக்கிறது, சத்தி எடுக்கிறேன், வயிற்றாலும் போகிறது. அம்மா கேத்திலை அடுப்பில் வைத்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்து, துவாயால் என் முதுகைத் துடைத்துக்கொண்டே இருந்தா. ஏதோ நோய் என்றுதான் நினைத்தா.

கடைசி டோஸ் நேரத்தைப் பொய் சொல்லாதீர்கள். இடையில் குடித்திருந்தால் குடித்தேன் என்று சொல்லுங்கள். அதிகம் போனால் நாளைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

3. எந்த வழி என்று வைத்தியரிடம் கேளுங்கள்

பழைய வழி: மெதடோனைக் கொஞ்சம் கொஞ்சமாக 30 மில்லிகிராம் அளவுக்குக் குறைத்து, அந்த அளவில் ஒரு கிழமையாவது வைத்திருந்து, பிறகு முழுதாக நிறுத்திக் காத்திருந்து குளிசை தொடங்குவது. 80, 90 எடுப்பவர்களுக்கு இந்தக் குறைக்கும் பகுதியே மாதக்கணக்கில் போகும். குறைக்கிற காலத்தில்தான் ஆட்கள் பழையபடி வெளியில் வாங்கப் போவதும்.

புது வழி: மைக்ரோடோசிங் என்பார்கள். சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகர வைத்தியர்கள் 2016இல் எழுதிய முறை இது, அதனால் பேர்னீஸ் முறை என்றும் பெயர். மெதடோனை நிறுத்தாமல், அதே அளவில் குடித்துக்கொண்டே, பக்கத்தில் 0.5 மில்லிகிராம் பியூப்ரினோர்ஃபினில் தொடங்குவார்கள். அது 2 மில்லிகிராம் குளிசையின் கால் துண்டு. ஒரு கிழமை, பத்து நாளில் படிப்படியாக ஏற்றி, போதிய அளவுக்கு வந்ததும் மெதடோனை ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். காத்திருக்கும் கொடுமை இல்லை. எனக்கு இரண்டாம் தடவை கை கொடுத்தது இதுதான். சில கிளினிக்கில் கேட்டால்தான் சொல்வார்கள், ஆகவே பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

வேறு ஒருவருக்கு எழுதிக் கொடுத்த அட்டவணையை வாங்கிப் பின்பற்ற வேண்டாம். மெதடோன் அளவு, ஈரல் நிலை, மற்ற மருந்துகள் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு.

உங்களுக்கு வைத்தியரே இல்லை, அல்லது இப்போது போகும் இடம் சரியில்லை என்றால், ராம் கிளினிக் என்று கேளுங்கள். போதைச் சிகிச்சைக்கு உடனே பார்க்கும் கிளினிக்குகள் அவை, குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை. எங்கே இருக்கிறது என்று அறிய கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற தகவல் சேவையை 1-866-531-2600 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். மாறும் வரைக்கும் பழைய இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சில நாள் தொடர்ந்து மெதடோன் தவறினால், வைத்தியர் திரும்பப் பார்க்காமல் பழைய அளவைத் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

4. கையில் இருக்க வேண்டியவை

செல்லுபடியாகும் ஹெல்த் கார்ட். பாமசியில் கேட்டு வாங்கிய, கடைசி ஒரு மாத மெதடோன் டோஸ் விபரத்தாள். இதைக் கேட்டவுடன் அச்சடித்துத் தருவார்கள், புது வைத்தியர் முதலில் பார்ப்பது இதைத்தான். எடுத்திருந்தால் இசிஜி முடிவும், அண்மைய இரத்தப் பரிசோதனையும். வேறு மருந்துகளின் பட்டியலில் நித்திரைக் குளிசை, பயத்துக்கான லொராசெபாம் போன்றவை, காபாபென்ரின், ஊரிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்து எல்லாமே இருக்க வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். லொராசெபாம் போன்ற பென்சோ வகைக் குளிசையோ மதுவோ இந்த மருந்துகளோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும்.

ஆங்கிலம் தடுமாறும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் பதியும்போதே சொல்லுங்கள். மகளையோ மருமகனையோ கூட்டிப் போனால் நீங்கள் உள்ளதைச் சொல்ல மாட்டீர்கள். அது எல்லோருக்கும் இயல்பு.

5. காசு

வைத்தியரைப் பார்ப்பதற்கு ஓஹிப் என்ற மாகாண சுகாதாரக் காப்புறுதி கொடுக்கும். மருந்துக்குக் கொடுக்காது, அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

ஒன்ராறியோ வேர்க்ஸ் (சமூக உதவிப் பணம்) அல்லது ஓடிஎஸ்பி (இயலாமை உதவிப் பணம்) பெறுபவர்களுக்கும், 65 வயது கடந்தவர்களுக்கும் மாகாண மருந்துத் திட்டம் உண்டு. 24 வயது வரை, தனியார் காப்புறுதி இல்லாதவர்களுக்கு ஓஹிப் பிளஸ். அகதிக் கோரிக்கையாளர்களுக்கு இடைக்கால கூட்டாட்சி சுகாதாரத் திட்டம். அந்தப் பாமசி அதில் பதிந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

வேலை செய்து, காப்புறுதி இல்லாதவர்களுக்கு ட்ரிலியம் திட்டம். வீட்டு நிகர வருமானத்தில் கிட்டத்தட்ட 4 வீதத்தை நீங்கள் முதலில் செலவழிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒரு மருந்துச் சீட்டுக்கு 2 டொலர் வரைதான். வருமானம் 40,000 என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 டொலர், அதையும் நாலு காலாண்டாகப் பிரிப்பார்கள். திட்டத்தின் ஆண்டு ஓகஸ்ட் 1இல் தொடங்கும். துணைவரின் கையெழுத்தும் வருமான விபரமும் வேண்டும். விண்ணப்பம் போய் வரக் கிழமைகள் எடுக்கும், ஆகவே மாறும் எண்ணம் வந்த உடனேயே அனுப்பிவிடுங்கள்.

வேலைத்தலக் காப்புறுதி துணைவரின் பெயரில் இருந்தால், மருந்தின் பெயரோடு விபரத்தாள் அவருக்குத்தான் போகும். வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காசில் வாங்குபவர்கள் ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு கம்பனி செய்யும் குளிசை, கேளுங்கள், சபொக்சோன் என்ற வர்த்தகப் பெயர்தான் வேண்டும் என்றில்லை. தினமும் போய் எடுத்தால் பாமசிக் கட்டணமும் தினமும் சேரும். அதையும் கணக்கில் வையுங்கள்.

6. நாளைக் குறிப்பது

திங்கள் அல்லது செவ்வாய் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம், நீண்ட வார இறுதிக்கு முன்னாலும் வேண்டாம். ஒரு தடவை எனக்குக் கிளினிக் அனுப்பிய ஃபக்ஸ் பாமசிக்கு வந்து சேரவில்லை. கிளினிக் பூட்டியாகிவிட்டது, நான் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறேன். தொடங்குவதற்கு முதல் நாள் நீங்களே பாமசிக்குப் போன் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: புதுச் சீட்டு வந்துவிட்டதா, மெதடோன் எந்தத் திகதியோடு நிற்கிறது என்று எழுதியிருக்கிறதா.

மைக்ரோடோசிங் என்றால் கால் துண்டுகளை அவர்களே வெட்டி, காலை மாலை என்று பிளிஸ்டர் அட்டையில் அடைத்துத் தருவார்களா என்றும் கேளுங்கள். வெட்டிய துண்டில் ஒன்று எப்படியும் பொடியாகும். அட்டையின் அடியில் ஒட்டியிருக்கும் பொடியையும் நாக்கின் கீழ் தட்டிவிட வேண்டும் என்று எங்கள் பாமசிஸ்ட் அக்கா காட்டித் தந்தா.

லீவு: ஒன்ராறியோவில் இரண்டு கிழமை வேலை செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 3 நாள் சம்பளமில்லாச் சுகவீன விடுப்பு சட்டப்படி உண்டு. 2024 ஒக்டோபர் 28க்குப் பிறகு அந்த மூன்று நாளுக்கு வைத்தியர் கடிதம் கேட்க முதலாளிக்கு உரிமையில்லை. "சுகமில்லை" என்பது போதும், என்ன வருத்தம் என்று சொல்லத் தேவையில்லை. ஃபோர்க்லிஃப்ட் அல்லது வாகனம் ஓட்டுபவர்கள், அளவு நிலைக்கும் வரை ஓட்டாதீர்கள்.

7. குளிசை வைக்கும் நாள்

பழைய வழியில் போனால், முதல் குளிசைக்கு முன் வித்ட்ரோவல் நன்றாகத் தொடங்கியிருக்க வேண்டும். கௌஸ் என்ற புள்ளித்தாளில் 11 அறிகுறிகளைப் பார்ப்பார்கள்: நாடித்துடிப்பு, வேர்வை, கண்மணி விரிதல், கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், எலும்பு உளைவு என்று போகும். பொதுவாக 12, 13 புள்ளிக்கு மேல் வந்த பிறகே தருவார்கள். கொட்டாவி இரண்டு வந்ததும் "சரி, போதும்" என்று வைத்துவிடாதீர்கள்.

குளிசை வைப்பதற்கு முன் ஒரு மிடறு தண்ணீர் குடித்து வாயை நனையுங்கள். நாக்கின் கீழ் வைத்து, பேசாமல், விழுங்காமல் இருங்கள். கரையப் பத்து நிமிடம் வரை போகும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். முழுதாகக் கரைந்த பிறகு தண்ணீரால் வாயை அலசி விழுங்குங்கள், பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுங்கள். இந்தக் குளிசை பல்லைச் சூத்தையாக்கும் என்று எனக்கு முதலே யாரும் சொல்லவில்லை.

வீட்டில் வாழைப்பழம், கஞ்சி, உப்புச்சீனி போட்ட தண்ணீர், பழைய துவாய்கள் எல்லாம் எடுத்து வையுங்கள். நடுக்கத்துக்குக் குளோனிடின், சத்திக்கு மருந்து என்று வைத்தியர் முன்கூட்டியே எழுதித் தருவாரா என்று கேளுங்கள். வயிற்றாலே போவதற்குக் கடையில் வாங்கும் லோபெரமைடை, பெட்டியில் எழுதியதற்கு மேல் ஒன்று கூட எடுக்க வேண்டாம். அது இதயத்தைத் தாக்கும்.

குளிசை வைத்த பிறகு நிலை திடீரென்று மோசமானால் உடனே கிளினிக்குக்குப் போன் எடுங்கள், இல்லையென்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல நேரம் அதற்கு மருந்தே இன்னும் கொஞ்சம் பியூப்ரினோர்ஃபின்தான். அதை அவர்கள் தீர்மானிப்பார்கள். அந்த நேரத்தில் வெளியில் வாங்கி எடுப்பதுதான் உயிரைக் கொண்டுபோகும் முடிவு.

8. முதல் மாதம்

தலையிடி, மலச்சிக்கல், நித்திரையின்மை மூன்றும் எனக்கு இருந்தன. முதல் கிழமையில் மாலையானதும் உடம்பு உளையும். அது அளவு போதாததன் அறிகுறி. நான் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அது வீண் வேலை. சொன்ன அன்றே கூட்டிவிட்டார்கள். கனடாவில் வழக்கமாக ஒரு நாளின் உச்ச அளவு 24 மில்லிகிராம். வீட்டுக்குத் தரும் கேரி டோஸ், மெதடோனைவிட இதற்குச் சீக்கிரமே கிடைக்கும்.

நிலைத்த பிறகு பியூப்ரினோர்ஃபின் மாத ஊசி பற்றியும் கேட்கலாம், சப்லொகேட் என்று பெயர். வழக்கமாக வயிற்றுத் தோலின் கீழ் போடுவார்கள். முதல் இரண்டு மாதம் 300, பிறகு வழக்கமாக 100 மில்லிகிராம். காப்புறுதி இல்லாமல் ஒரு ஊசி 500 டொலருக்கு மேல் போகும், ஆகவே திட்டம் ஏதாவது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் மெதடோனுக்குத் திரும்பலாம், அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் பழைய அளவுக்கு நேரே போக முடியாது. வைத்தியர் குறைந்த அளவிலிருந்துதான் திரும்ப ஏற்றுவார்.

9. மிச்சப் போத்தல்களும் நலொக்சோனும்

மெதடோன் நின்ற அன்றே வீட்டில் இருக்கும் எல்லாப் போத்தலையும் பாமசிக்குத் திருப்பிக் கொடுங்கள். பழச்சாறு போல நிறம், பழச்சாறு போல வாசம். ஒரு பிள்ளை அதில் ஒரு மிடறு குடித்தாலும் உயிர் போகலாம். குளிசையையும் பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள்.

அளவு மிஞ்சி மூச்சு அடங்கியவரை மீட்கும் மருந்து நலொக்சோன், அதன் கிட் ஒன்ராறியோவின் பாமசிகளில் இலவசம். உடனே 911 அழைத்துவிட்டு, மூச்சு அடங்கியவரின் மூக்கில் அடிக்க வேண்டும். கையில் கொஞ்சம் போதைப்பொருள் வைத்திருந்ததற்காக, அழைத்தவர் மீதோ விழுந்தவர் மீதோ வழக்குப் போடாமல் 2017இல் வந்த சட்டம் பாதுகாக்கும். பொலிஸ் வரும் என்று பயந்து அழைக்காமல் விடாதீர்கள்.

நான் ஒளித்து வைத்திருந்த போத்தல்கள் மூன்று. பேப்பர் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மாவும் கூட வந்தா. அந்தப் பாமசிஸ்ட் அக்கா அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, கிட்டைத் திறந்து, எப்படிப் பிடிப்பது, எப்படி அழுத்துவது என்று தமிழிலேயே காட்டித் தந்தா. எங்கள் வீட்டுக் கிட் இப்போது குசினி அலுமாரியில், சீரகப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது காலாவதியாகும் மாதத்தை அம்மா கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறா.